டாக்காவின் புத்தாண்டு: வரிக்கணக்கில் பிறந்த ஆண்டும் அரசமரத்தடியில் வளர்ந்த விழாவும்

டாக்கா நகரின் ரம்னா பூங்காவில், ஏரிக்கரையை ஒட்டி நிற்கும் ஒரு பெரிய மரத்தின் அடியில், ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் நாள் சூரியன் எழும் நேரத்தில் பாட்டுத் தொடங்குகிறது. முதலில் ஒரு காலை ராகம் ஒலிக்கும்; அதன் பின் சேர்ந்திசையும் தனிப்பாட்டும் கவிதை வாசிப்புமாக வெயில் ஏறும்வரை நிகழ்ச்சி நீளும். சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் புடவை உடுத்திய பெண்களும், குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்ட தந்தையரும் புல்தரையை நிறைத்திருப்பார்கள். வைசாக மாதத்தை 'வா' என்று அழைத்து, பழைய ஆண்டின் குப்பையை எல்லாம் அதன் காற்று அடித்துச் செல்லட்டும் என்று வேண்டும் தாகூரின் பாடல் தொடங்கும்போது, அமர்ந்திருப்பவர்களும் சேர்ந்து பாடுவார்கள். அந்த இடத்துக்கு வங்காளத்தில் 'ரமோனா பொடோமூல்' என்று பெயர். ரம்னா ஆலமரத்தடி என்பது அதன் பொருள். ஆனால் அங்கே நிற்பது அரசமரம். 1967-இல் முதல் நிகழ்ச்சியை நடத்தியவர்களுக்கும் இது தெரியும். 'ஆலடி' என்ற சொல்லே காதுக்கு இனிமையாக இருந்ததால் அதையே வைத்துக்கொண்டார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு நாடே அரசமரத்தை ஆலமரம் என்று அன்போடு அழைத்து வருகிறது.

'பொஹேலா பொய்ஷாக்', அதாவது வைசாகத்தின் முதல் நாள் என்று வங்காளிகள் கொண்டாடும் இந்தப் புத்தாண்டின் தோற்றத்தை ஆராயப் புகுகிறவர், மரத்தின் பெயரில் கண்டது போன்ற ஒரு நிலையை ஒவ்வொரு படியிலும் சந்திக்க நேரும். விழாவுக்கு ஓர் எளிய கதை உண்டு: முகலாயப் பேரரசர் அக்பர் வரி வசூலுக்காக இந்த ஆண்டைத் தொடங்கினார், மக்கள் அதை விழாவாக்கிக்கொண்டார்கள் என்பது அது. பாடநூல்களிலும் நாளிதழ்களின் புத்தாண்டு மலர்களிலும் இதுவே திரும்பத் திரும்ப வரும். அது பொய் அன்று. ஆனால் ஆண்டுக் கணக்கின் எண்ணுக்கு மட்டுமே பொருந்தக்கூடிய கதை. புத்தாண்டு பிறக்கும் நாளுக்கு வேறொரு வரலாறு உண்டு. அன்று கடைத்தெருவில் நடப்பதற்கு மற்றொன்று. ரம்னாவில் ஒலிக்கும் பாட்டுக்கும் பல்கலைக்கழக வாசலிலிருந்து புறப்படும் ஊர்வலத்துக்கும் நம் பெற்றோர் தலைமுறை கண்ணால் கண்ட வரலாறு. இன்றைய டாக்கா கொண்டாடும் வடிவம் பெரும்பாலும் இந்தக் கடைசி வரலாற்றில் உருவானது என்பதும், அதற்கு ஊற்றாக இருந்தது மொழியைக் காக்க எழுந்த போராட்டம் என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் நாளைப் பார்ப்போம், ஏனென்றால் அது நமக்கும் பழக்கமான நாள். சூரியன் மேஷ ராசிக்குள் நுழைவதாகக் கொள்ளப்படும் நாளே தமிழருக்குச் சித்திரை முதல் நாள், மலையாளிகளுக்கு விஷு, அசாமியருக்கு பிஹு, வங்காளிகளுக்கு வைசாகத்தின் முதல் நாள். மாதப் பெயரில் மட்டும் ஒரு படி வேறுபாடு இருக்கிறது: நாம் சித்திரை என்று அழைக்கும் அதே சூரிய மாதத்தை அவர்கள் வைசாகம் என்கிறார்கள், நம் பங்குனிதான் அவர்களுடைய சைத்திரம். பருவத்தையும் அவர்கள் வேறாகப் பகுக்கிறார்கள். சித்திரையும் வைகாசியும் நமக்கு இளவேனில். வங்காளிகளுக்கோ அன்றே வசந்தம் முடிந்து கோடை பிறக்கிறது. பிற்பகலில் வடமேற்கிலிருந்து திடீரென்று கருத்து எழுந்து, கூரைகளைப் பிய்த்துவிட்டுப் போகும் 'கால்பொய்ஷாகி' புயல் அந்த மாதத்துக்கே உரியது. தாகூரின் பாடல் வைசாகத்தின் காற்றை அழைப்பதற்குப் பொருள் அங்கே இருக்கிறது.

இந்த நாள் ஏன் ஏப்ரல் நடுவில் விழுகிறது என்பதும் கவனிக்கத் தக்கது. பகலும் இரவும் சமமாக இருக்கும் வசந்த சமநாள் மார்ச் 20 அல்லது 21-இல் வருகிறது. ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன், சூரிய சித்தாந்தம் என்ற வானியல் நூலின் மரபு உருவான காலத்தில், மேஷப் பிறப்பும் சமநாளும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் அந்த மரபின் ஆண்டு, பருவங்கள் திரும்பி வரும் ஆண்டைவிட ஏறக்குறைய 24 நிமிடம் நீளமானது. 60 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் அந்த வேறுபாடு சேர்ந்து சேர்ந்து, இன்று மூன்று வாரங்களுக்கும் மேற்பட்ட இடைவெளியாகி நிற்கிறது. ஆக, டாக்காவும் சென்னையும் ஏப்ரல் நடுவில் கொண்டாடுவது, வசந்த சமநாளின் விழா மெல்ல மெல்ல விலகி வந்து சேர்ந்த இடத்தைத்தான். இந்த நாளை எந்த அரசரும் நிறுவவில்லை. பஞ்சாங்கக் கணிதம் பரவிய நிலமெங்கும் அது முன்பே இருந்தது.

இனி எண். 2024 ஏப்ரலில் வங்காள ஆண்டு 1431 பிறந்தது. அதே மாதத்தில் இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு 1445 நடந்துகொண்டிருந்தது. இரண்டும் நெருங்கி நிற்பது தற்செயல் அன்று. ஹிஜ்ரி ஆண்டு நிலவைப் பின்பற்றுவது. 354 நாளே கொண்டது. ஆகவே சூரிய ஆண்டைவிட ஒவ்வொரு முறையும் சுமார் 11 நாள் முந்திக்கொள்ளும். 32 சூரிய ஆண்டுகள் ஓடுவதற்குள் ஹிஜ்ரியில் 33 ஆண்டுகள் கடந்துவிடும். நிலவரியை ஹிஜ்ரி ஆண்டின்படி கேட்டால், வயலில் கதிர் முற்றும் முன்பே வரி நாள் வந்து நிற்கும்; அது மட்டுமல்லாமல், 32 அறுவடை கண்ட விவசாயி 33 முறை வரி கட்ட நேரும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகத்தான் அக்பர், பாரசீகத்தின் ஷிராஸ் நகரிலிருந்து பீஜப்பூர் வழியாகத் தம் அவைக்கு வந்த ஃபத்ஹுல்லா ஷிராஸி என்ற அறிஞரைக் கொண்டு ஒரு சூரிய ஆண்டை வகுக்கச் செய்தார். 'தாரீக்-இ-இலாஹி' என்ற பெயரில் 1584-இல் அறிவிக்கப்பட்ட அந்த ஆண்டுமுறை, அக்பர் அரியணை ஏறிய 1556-ஐத் தொடக்கமாகக் கொண்டது. அந்த ஆண்டு ஹிஜ்ரி 963. அந்த 963-உடன் அதன் பிறகு கடந்த சூரிய ஆண்டுகளைக் கூட்டினால் வங்காள ஆண்டு கிடைத்துவிடும்: 2024-க்கு 468 ஆண்டுகள் கூட்ட, 1431. ஹிஜ்ரியோடு இன்று தெரியும் 14 ஆண்டு வேறுபாடு, நிலவாண்டு அந்த இடைவெளியில் முந்திக்கொண்டு போன தொலைவு.

இதைப் படிக்கும்போது தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு சொல் நினைவுக்கு வர வேண்டும். நம் வருவாய்த் துறையில், அடங்கலிலும் ஜமாபந்தியிலும் இன்றும் புழங்கும் 'பசலி' ஆண்டு இதே குடும்பத்தைச் சேர்ந்தது. 'ஃபஸ்லி' என்றால் அறுவடைக்கு உரியது என்று பொருள். 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான ஆண்டு நமக்குப் பசலி 1434. வங்காள ஆண்டுக்கும் கிறித்தவ ஆண்டுக்கும் இடையில் 593 ஆண்டு வேறுபாடு, பசலிக்கோ 590. இந்த மூன்றாண்டு வேறுபாடு எங்கிருந்து வந்தது என்றால், தக்காணத்தில் பசலி ஷாஜகான் காலத்தில், 1636-இல், அப்போதைய ஹிஜ்ரி 1046-ஐத் தொடக்கமாகக் கொண்டு நடைமுறைக்கு வந்தது. 1556-க்கும் 1636-க்கும் இடைப்பட்ட 80 ஆண்டுகளில் நிலவாண்டு இரண்டரை ஆண்டு முந்தியிருந்தது. எண்ணின் உள்ளே இவ்வளவு வரலாறு உறைந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் இந்த ஆண்டுமுறை கிராம நிர்வாக அலுவலரின் பதிவேட்டை விட்டு வெளியே வரவே இல்லை. வங்கத்தில் அதன் உடன்பிறப்பு ஒரு மக்களினத்தின் பெருவிழாவாகிவிட்டது. ஒரே வேரிலிருந்து கிளைத்த இரண்டில் ஒன்று ஏன் விழாவாயிற்று, மற்றது ஏன் ஆகவில்லை என்ற கேள்வியை அக்பர் கதையால் விளக்க இயலாது.

அந்தக் கதையில் வேறு இடைவெளிகளும் உண்டு. இலாஹி ஆண்டு தொடங்கியது பாரசீகரின் நவ்ரூஸ் நாளில், அதாவது மார்ச்சில் வரும் சமநாளில். அதன் மாதங்களுக்கும் பாரசீகப் பெயர்களே இருந்தன. ஆகவே ஏப்ரல் நடுவில் பிறக்கும் வைசாகம் அந்தச் சீர்திருத்தத்தின் கொடை ஆகாது; வங்கத்தில் முன்பே வழங்கிய பஞ்சாங்க ஆண்டின் மீது ஹிஜ்ரியிலிருந்து எடுத்த எண் ஒட்டவைக்கப்பட்டது என்று கொள்வதே பொருந்தும். அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபஸல், வங்கத்தில் லட்சுமண சேன மன்னரின் ஆட்சித் தொடக்கத்திலிருந்து ஆண்டு எண்ணும் வழக்கம் இருந்ததாகவே குறிக்கிறார். இன்னொன்று: டாக்கா அமைந்திருக்கும் கிழக்கு வங்கம் அக்பர் உயிரோடு இருந்தவரை முகலாயருக்கு முழுதாக வசப்படவே இல்லை. சோனார்காவைத் தலைமையிடமாகக் கொண்டு ஈசா கானும் அவரைச் சார்ந்த நிலத் தலைவர்களும் அங்கே எதிர்த்து நின்றார்கள். 1605-இல் அக்பர் மறைந்து, ஜஹாங்கீர் காலத்தில் சுபேதாராக, அதாவது மாகாண ஆளுநராக இருந்த இஸ்லாம் கான் டாக்காவைத் தலைநகராக்கிய பிறகே, 1610-ஐ ஒட்டித்தான், முகலாய வரிக்கணக்கு இந்த ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்திருக்க முடியும்.

ஏழாம் நூற்றாண்டில் கர்ணசுவர்ணத்திலிருந்து கௌட நாட்டை ஆண்ட சசாங்க மன்னரே இந்த ஆண்டைத் தொடங்கினார் என்று வாதிடுவோரும் உண்டு. இன்றைய எண்ணிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 593 அல்லது 594 வருகிறது; அது சசாங்கர் அரசேறிய காலத்தை ஒட்டியது என்பதே அவர்களுடைய முதன்மைச் சான்று. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அரியணை ஏறிய அலாவுதீன் ஹுசைன் ஷாவின் பெயரைச் சொல்வோரும் இருக்கிறார்கள். ஆண்டைக் குறிக்க வங்காளத்தில் வழங்கும் 'சன்', 'சால்' என்ற சொற்கள் முறையே அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் வந்தவை. மாதப் பெயர்களோ விசாகம், கேட்டை முதலிய நட்சத்திரங்களை ஒட்டிய வடமொழிப் பெயர்கள். சமய நல்லிணக்கத்தைத் தேடுவோருக்கு அக்பரும், இந்துத் தொன்மையைத் தேடுவோருக்குச் சசாங்கரும் உவப்பாக இருப்பதால், இந்த விவாதத்தில் வரலாற்றுக் கேள்வியும் இன்றைய அரசியலும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. ஹிஜ்ரியோடு எண் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவதைச் சசாங்கர் தரப்பு விளக்கவில்லை; நாள் ஏன் நவ்ரூஸ் அன்று இல்லை என்பதை அக்பர் தரப்பு விளக்கவில்லை. எண்ணும் நாளும் வெவ்வேறு கைகளிலிருந்து வந்தவை என்று ஏற்றுக்கொண்டால் இரண்டு முடிச்சும் ஒருசேர அவிழ்கின்றன.

வரிக்கணக்கு விழாவாக மாறிய முதல் கட்டத்துக்கு இரண்டு சடங்குகள் சாட்சி. ஒன்று 'புண்யாஹம்'. ஆண்டின் தொடக்கத்தில் நல்ல நாள் பார்த்து, ஜமீன்தார்கள் நவாபிடமும், குடியானவர்கள் ஜமீன்தாரின் அலுவலகமான கச்சேரியிலும் பழைய வரி பாக்கியைத் தீர்த்து, புதிய ஆண்டின் முதல் தவணையைச் செலுத்துவார்கள். பதிலுக்கு இனிப்பும் வெற்றிலை பாக்கும் கிடைக்கும். 1704-ஐ ஒட்டி வருவாய் அலுவலகத்தை டாக்காவிலிருந்து பின்னாளில் முர்ஷிதாபாத் எனப் பெயர் பெற்ற ஊருக்கு மாற்றிய முர்ஷித் குலி கான் காலத்தில் இது முறைப்பட்டதாகச் சொல்வார்கள். கிழக்கு வங்கத்தின் ஷிலாய்தஹாவில் குடும்ப ஜமீனைக் கவனித்துவந்த தாகூரும் இத்தகைய புண்யாஹங்களைக் கண்டவர். 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிழக்கு வங்கத்தில் ஜமீன்தாரி முறை ஒழிந்தபோது இந்தச் சடங்கும் மறைந்தது. அது மறைந்ததில் வருந்த ஏதுமில்லை. இனிப்பு கொடுத்த கையில்தான் வரிச் சாட்டையும் இருந்தது.

மற்றது 'ஹால்காதா'. 'ஹால்' என்றால் நடப்பு, 'காதா' என்றால் கணக்கேடு. பழைய டாக்காவின் தாந்தி பஜாரிலும் இஸ்லாம்பூரிலும் சவுக் பஜாரிலும் கடைக்காரர்கள் அன்று கடையைக் கழுவி, பூத்தோரணம் கட்டி, சிவப்புத் துணி போர்த்திய நீண்ட புதுப் பேரேட்டைத் திறப்பார்கள். வாடிக்கையாளர் வந்து பழைய பாக்கியை முழுதாகவோ முடிந்தவரையோ தீர்ப்பார். கடைக்காரர் அவரை உட்கார வைத்து இனிப்புக் கொடுப்பார். இந்துக் கடையில் பிள்ளையாரையும் லட்சுமியையும் வணங்கி ஏட்டைத் திறப்பார்கள். முஸ்லிம் கடையில் இறைவன் பெயரை எழுதித் தொடங்குவார்கள் அல்லது மிலாத் ஓதுவார்கள். நம் வணிகர்கள் புதுக்கணக்குப் போடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் உணர்வை விளக்கத் தேவையில்லை. கடன் என்பது இரு குடும்பங்களுக்கு இடையிலான உறவாக இருந்த காலத்தில், ஆண்டுக்கு ஒரு முறை அதை முகத்துக்கு முகம் தீர்த்துக்கொள்ளும் மரியாதை அது. கணினியும் கைபேசிப் பணமும் வந்த பிறகு சிவப்பு ஏட்டின் தேவை குறைந்துவிட்டது; நகைக்கடைகளும் மொத்த வியாபாரிகளுமே இன்று அதை உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

இதுவரை சொன்னவற்றில் டாக்காவுக்கு மட்டுமே உரியது ஒன்றும் இல்லை. கொல்கத்தாவிலும் இவை எல்லாம் உண்டு. டாக்காவின் விழா வேறாக வளர்ந்ததற்குக் காரணம் 1947-க்குப் பின் அந்த நகரம் பாகிஸ்தானின் பகுதியாகக் கடந்துவந்த 24 ஆண்டுகள். 1948 மார்ச் 21 அன்று ரம்னா பந்தயத் திடலில் பேசிய ஜின்னா, பாகிஸ்தானின் ஆட்சிமொழி உருது மட்டுமே என்று அறிவித்தார். 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காக ஊர்வலம் வந்த மாணவர்கள் மருத்துவக் கல்லூரி அருகே சுடப்பட்டு இறந்தார்கள். ரம்னா மரத்தடியிலிருந்து இந்த இடங்களுக்கெல்லாம் நடந்தே போய்விடலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இந்த விழாவின் புவியியலும் மொழிப் போராட்டத்தின் புவியியலும் ஒன்றே.

ஆட்சிமொழிக் கோரிக்கை 1956 அரசியலமைப்பில் ஏற்கப்பட்ட பிறகும் நெருக்கடி தீரவில்லை. அது பண்பாட்டுத் தளத்துக்கு நகர்ந்தது. பாகிஸ்தானில் தளபதி அயூப் கானின் ஆட்சி, தாகூரை இந்தியாவுக்கும் இந்துக்களுக்கும் உரியவராகக் கருதியது. 1961-இல் தாகூர் நூற்றாண்டைக் கொண்டாடத் தடைகள் வந்தபோது, அவற்றை மீறி விழா எடுத்தவர்கள் ஒன்றுகூடி 'சாயாநட்' என்ற அமைப்பைத் தோற்றுவித்தார்கள். கவிஞர் சுஃபியா கமால், பாடகியும் ஆசிரியருமான சன்ஜிதா காதுன், வாஹிதுல் ஹக் ஆகியோர் அதன் தூண்கள். 1963-இல் இசைப்பள்ளி தொடங்கியது. 1967 ஏப்ரலில், வங்காள ஆண்டு 1374 பிறந்த காலையில், அவர்கள் முதல் முறையாக ரம்னா மரத்தடியில் அமர்ந்து பாடினார்கள். அதே ஆண்டு ஜூனில், பாகிஸ்தானின் பண்பாட்டுக்கு மாறான தாகூர் பாடல்கள் வானொலியில் ஒலிபரப்பப்படமாட்டா என்று மத்தியத் தகவல் அமைச்சர் குவாஜா ஷஹாபுதீன் தேசியப் பேரவையில் அறிவித்தார். வானொலி மறுத்ததை மரத்தடி கொடுத்தது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமை எதுவும் அந்தக் காலைக்குத் தேவைப்படவில்லை. நம் மொழியில் நாம் பாடலாம் என்பதை ஒரு பொது இடத்தில், பட்டப்பகலில், குடும்பத்தோடு வந்து சொல்வதற்குச் சமயம் சாராத ஒரு நாள் தேவைப்பட்டது. ஈதும் துர்கா பூஜையும் அப்படிப்பட்ட நாட்களாக இருக்க இயலாது. வரிக்கணக்கின் ஆண்டுப் பிறப்பு இருந்தது. போர் நடந்த 1971-இல் மரத்தடி வெறுமையாக இருந்தது. விடுதலைக்குப் பின் தாகூரின் பாடலே நாட்டுப்பண் ஆயிற்று.

ஊர்வலத்தின் கதை இன்னும் அண்மையது. ஜெசோர் நகரில் 'சாருபீட்' என்ற கலைப்பள்ளியைத் தொடங்கிய இளம் ஓவியர்கள் 1985-இல் முகமூடிகளும் உருவங்களும் தாங்கிப் புத்தாண்டு ஊர்வலம் ஒன்றை நடத்தினார்கள். அந்த எண்ணம் டாக்காவுக்கு வந்தது இருண்ட ஒரு நேரத்தில். தளபதி எர்ஷாதின் ஆட்சி. 1988-இல் அரசியலமைப்பின் எட்டாம் திருத்தத்தின் வழி இஸ்லாம் அரசு சமயமாக்கப்பட்டது. அதே ஆண்டு வெள்ளம் நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட நிலப்பரப்பை மூழ்கடித்தது. 1989 ஏப்ரலில், ஓவியர் ஜைனுல் ஆபெதின் 1948-இல் நிறுவிய 'சாருகலா' கலைக் கல்லூரியின் மாணவர்கள், ஷாபாகில் உள்ள தங்கள் வாசலிலிருந்து பெரிய குதிரையும் யானையும் முகமூடிகளுமாகப் புறப்பட்டார்கள். 'ஆனந்த ஷோபாஜாத்ரா', மகிழ்ச்சி ஊர்வலம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். கூட்டம் கூடவே அஞ்சிய நகரத்தில், சர்வாதிகாரத்துக்கு எதிரான திரளாகவும் அது அமைந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் எர்ஷாத் பதவி விலகினார்.

அந்த உருவங்களை உற்றுப் பார்த்தால் அவை எங்கிருந்து வந்தவை என்பது தெரியும். சோனார்காவ் தச்சர்கள் சந்தைக்குச் செய்யும் மரக்குதிரை, மரயானை. குயவர் வனையும் மண்பொம்மை. மண் மூடிகளில் தீட்டும் 'ஷோரா' ஓவியம். ஆந்தை, புலி, மீன். குழந்தையின் கையில் அடங்கும் பொம்மையை மூங்கில் சட்டத்திலும் காகிதத்திலும் வீட்டு உயரத்துக்கு வளர்த்தெடுத்ததுதான் கலைக் கல்லூரி செய்தது. மாணவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே முகமூடிகளையும் வண்ண மூடிகளையும் நீர்வண்ண ஓவியங்களையும் செய்து விற்று, அந்தப் பணத்திலேயே ஊர்வலத்தை நடத்தி வந்தார்கள். விளம்பரதாரர் இல்லாமல் இவ்வளவு பெரிய காட்சி ஒரு தலைநகரில் நடந்துவந்தது வியப்புக்குரியது. இந்த விழாவில் என்னை மிகவும் கவர்ந்த செய்தியும் அதுவே. 1996-இல் பெயர் 'மங்கள் ஷோபாஜாத்ரா' என்று மாறியது. 2016 நவம்பரில் யுனெஸ்கோ அதை மானுடத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. 27 வயதே ஆன மரபு ஒன்று உலகப் பட்டியலில் ஏறியது.

உருவங்களைத் தூக்கிச் செல்வது சமயத்துக்கு ஒவ்வாதது என்ற எதிர்ப்பும் தொடக்கம் முதலே இருந்து வருகிறது. அதன் மிகக் கொடிய வடிவம் 2001 ஏப்ரல் 14 காலை வெடித்தது. ரம்னா மரத்தடியில் பாடிக்கொண்டிருந்தபோது குண்டுகள் வெடித்து 10 பேர் உயிரிழந்தார்கள். ஹர்கத்-உல்-ஜிஹாத் அமைப்பைச் சேர்ந்தவர்கள் குற்றவாளிகள் என்று 2014 ஜூனில் டாக்கா நீதிமன்றம் தீர்ப்பளித்து, எட்டுப் பேருக்கு மரண தண்டனையும் ஆறு பேருக்கு வாழ்நாள் சிறையும் விதித்தது. குண்டு வெடித்த அடுத்த ஆண்டும் மக்கள் அதே மரத்தடிக்கு வந்தார்கள். சோதனை வாயில்களும் காவல் கோபுரங்களும் அன்றிலிருந்து அந்தக் காலையின் பகுதியாகிவிட்டன.

நாள்காட்டிச் சீர்திருத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பஞ்சாங்கத்தில் மாதங்களின் நீளம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 29 நாளும் வரும், 32 நாளும் வரும். இந்தியாவில் 1952-இல் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கிய இயற்பியலாளர் மேக்நாத் சாஹா, டாக்காவை அடுத்த சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். கிழக்கு வங்கத்தில் அதே பணியை மொழியியலாளர் முகம்மது ஷஹீதுல்லா தலைமையில் வங்க அகாதமிக் குழு மேற்கொண்டு, முதல் ஐந்து மாதங்களுக்கு 31 நாள், ஏனைய ஏழுக்கு 30 நாள் என்று 1966-இல் பரிந்துரைத்தது. 1980-களின் இறுதியில் அது அரசு நடைமுறைக்கு வந்தபோது புத்தாண்டு ஏப்ரல் 14-ஆம் நாளோடு நிலையாகக் கட்டப்பட்டது. 2019-இல் மீண்டும் திருத்தி, முதல் ஆறு மாதங்களுக்கு 31 நாள் என்றும் பால்குனத்துக்கு 29 நாள் என்றும் மாற்றினார்கள். 1952-இல் மாணவர்கள் இறந்த பால்குனம் 8-ஆம் நாள் இனி எப்போதும் பிப்ரவரி 21 அன்றே வர வேண்டும் என்பது அந்தத் திருத்தத்தின் நோக்கங்களுள் ஒன்று. மொழிக்காக உயிர்விட்ட நாளைத் தன் மொழியின் தேதியிலும் சரியாக நினைவுகூர்வதற்காக ஒரு நாடு தன் மாதத்தின் நீளத்தையே மாற்றியது.

உணவைப் பற்றிச் சுருக்கமாக. அன்று காலை மண்தட்டில் 'பாந்தா பாத்', அதாவது நம் பழைய சோறு, வெங்காயம், பச்சைமிளகாய், பொரித்த இலிஷ் மீன் ஆகியவற்றோடு உண்பது இன்று மரபாகக் கருதப்படுகிறது. பழைய சோறு உழவர்களின் அன்றாட உணவு. விலையுயர்ந்த இலிஷ் அதோடு சேர்ந்தது 1980-களில் ரம்னாவில் முளைத்த கடைகளில்தான். 25 செ.மீ.க்குக் குறைந்த இளம் இலிஷைப் பிடிக்க நவம்பர் முதல் ஜூன் வரை தடை இருக்கும் காலத்திலேயே இந்த விழாவும் வருவதால், மீன்வளத்தைக் கருதி இலிஷைத் தவிர்க்கும்படி ஆண்டுதோறும் வேண்டுகோள் எழுகிறது. அது நியாயமான வேண்டுகோள்; பழைய சோற்றுக்குக் கருவாடே போதும்.

2024 ஆகஸ்டில் மாணவர் எழுச்சியால் ஷேக் ஹசீனா ஆட்சி வீழ்ந்த பின், 2025-இல் டாக்கா பல்கலைக்கழகம் ஊர்வலத்தின் பெயரை 'வர்ஷபரண் ஆனந்த ஷோபாஜாத்ரா' என்று மாற்றியது. 1989-இன் முதல் பெயருக்கே திரும்புகிறோம் என்றார்கள் மாற்றியவர்கள், எதிர்ப்புக்குப் பணிந்துவிட்டார்கள் என்றார்கள் மற்றவர்கள். ஹசீனாவின் சாயலில் செய்யப்பட்ட பெரிய உருவம் விழாவுக்கு இரண்டு நாள் முன் அதிகாலையில் எரிக்கப்பட்டது. கலைஞர்கள் அதை மீண்டும் செய்து தூக்கிச் சென்றார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு, மார்ச் 25 அன்று, 91-ஆம் வயதில் சன்ஜிதா காதுன் காலமானார். அவர் இல்லாத முதல் புத்தாண்டான 1432-ஐ அவருடைய மாணவர்கள் வழக்கம்போல் காலை ராகத்தோடு தொடங்கினார்கள்.

ஏப்ரல் 14 முடிந்ததும் டாக்காவின் புத்தாண்டு முழுதாக முடிந்துவிடுவதில்லை. பழைய டாக்காவின் ஷாங்காரி பஜாரிலும் தாந்தி பஜாரிலும் உள்ள இந்து வணிகர்கள் பழைய பஞ்சாங்கத்தையே பின்பற்றுவதால், அவர்களுக்குப் பெரும்பாலும் ஏப்ரல் 15 அன்றுதான் வைசாகம் பிறக்கிறது. ரம்னாவில் துப்புரவுப் பணியாளர்கள் புல்தரையைக் கூட்டிக்கொண்டிருக்கும் காலையில், அந்தக் குறுகிய சந்துகளில் பிள்ளையாருக்கு விளக்கேற்றிச் சிவப்புப் பேரேட்டைத் திறக்கிறார்கள். ஷாங்காரி பஜார் என்றால் சங்கறுப்போர் தெரு. மணமான வங்காளப் பெண்கள் அணியும் வெண்சங்கு வளையலை அறுத்துக் கடையும் கைவினைஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம் அது. அவர்களுக்கு வேண்டிய சங்குகள் தூத்துக்குடிக் கடலிலும் இலங்கைக் கரையிலும் குளித்தெடுக்கப்பட்டு, கப்பலேறி வங்கத்துக்குப் போயின. அந்தத் தெருவின் பழைய ஹால்காதாக்களில், புத்தாண்டு நாளில் தீர்க்கப்பட்ட பாக்கிகளுக்கு இடையில், நம் கடலின் சங்குக் கணக்கும் எழுதப்பட்டிருக்கும்.